வாட்டைப் பார்த்து வாங்குகிறோம், ஜாடியோடு மல்லுக்கட்டுகிறோம்: எந்த பிளெண்டர் யாருக்கு?

என் வீட்டுப் பரணில் ஒரு பிளெண்டர் மோட்டார் கிடக்கிறது. இப்போது பிளக்கில் செருகினாலும் உறுமும். அதற்கு ஜாடிதான் இல்லை. ஜாடியின் அடியில் கறுப்பாக ஏதோ கசிய ஆரம்பித்தது, பேரிங் போய்விட்டது என்றார்கள். மாற்று ஜாடி கேட்டால், அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். வாங்கும்போது எத்தனை வாட் என்று நான்கு முறை கேட்டேன். ஜாடி தனியாகக் கிடைக்குமா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"எத்தனை வாட் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கி நிற்பார்கள். சாதாரண பிளெண்டர் போதுமா, பல மடங்கு விலையுள்ள உயர்திறன் பிளெண்டருக்குப் போவதா, கப்போடு வரும் சின்னதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பதா, அல்லது கையில் பிடித்துக் கடையும் பிளெண்டரே போதுமா? நான்கும் நான்கு விதமான கருவிகள். ஒன்று மற்றொன்றின் மலிவுப் பதிப்பு அல்ல.

## முதலில் அளவுகோல்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில், வாரம் ஒருமுறையாவது நிச்சயம் செய்யப்போகும் மூன்று வேலைகளை எழுதுங்கள். "செய்ய ஆசைப்படும்" வேலைகள் வேண்டாம். பாதாமை வெண்ணெய்போல் அரைத்தெடுக்கலாம் என்று எல்லோருக்கும்தான் ஆசை. அதை வாரந்தோறும் செய்பவர்கள் எத்தனை பேர்?

அந்த மூன்று வேலைகளை வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

எவ்வளவு மைய வேண்டும்? பழுத்த வாழைப்பழமும் பாலும் எந்தக் கருவியிலும் மசியும். கீரையைப் பச்சையாகப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். திப்பி நாக்கில் தட்டுவது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால், செலவில் பெரும்பகுதி இங்கேயே மிச்சம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு? பெரிய ஜாடி வாங்கினால் சின்ன அளவும் அரைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். முடியாது. பிளெண்டர் பொருளைத் தேடிப் போய் வெட்டுவதில்லை. உள்ளே திரவம் சுழியாகச் சுழன்று, மேலே இருப்பதைக் கீழே இழுத்துப் பிளேடிடம் கொடுக்க வேண்டும். அடி அகன்ற 2 லிட்டர் ஜாடியில் ஒரு தம்ளர் அளவு போட்டால் அது சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும்; பிளேடு காற்றில் சுற்றும். அடி குறுகலான ஜாடி சின்ன அளவையும் சமாளிக்கும்.

சூடானதா, குளிர்ந்ததா? இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எங்கே வைப்பீர்கள்? மேடைக்கும் மேலே உள்ள அலமாரிக்கும் நடுவே இருக்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சில உயர்திறன் பிளெண்டர்கள் ஜாடியோடு 50 சென்டிமீட்டரைத் தொடும். மேடையில் நிற்காமல் உள்ளே போய்விட்ட பிளெண்டர் வெளியே வருவது அபூர்வம். ஒவ்வொரு முறையும் நான்கைந்து கிலோவைத் தூக்கி வைக்க யாருக்கும் மனம் வராது.

சத்தம், கழுவுவது, உதிரி. விளம்பரத்தில் வராத மூன்றும் இவைதான். தினமும் அனுபவிக்கப்போவதும் இவற்றைத்தான்.

### வாட் கணக்கில் ஒரு சின்ன ஏமாற்று

வாட் என்பது பிளெண்டர் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம். பிளேடுக்குப் போய்ச் சேரும் பலம் அல்ல. இரண்டுக்கும் நடுவே வெப்பமாக, சத்தமாக, உராய்வாக நிறையவே வீணாகிறது. ஆகவே 1,000 வாட் கருவி ஒன்று, நன்றாக வடிவமைத்த 700 வாட் கருவியிடம் தோற்பது சாதாரணம்.

குதிரைத்திறன் கணக்கு இன்னும் வேடிக்கை. பெட்டியின்மேல் "உச்சத் திறன் 3 குதிரைத்திறன்" என்று போட்டிருப்பார்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மூன்று என்றால் 2,238 வாட். அமெரிக்கா போன்ற நாடுகளின் 120 வோல்ட் மின்சாரத்தில் 15 ஆம்பியர் பிளக் அதிகபட்சம் தரக்கூடியது 1,800 வாட்தான். அப்படியென்றால் அந்த மூன்று குதிரையும் அங்கே தொடர்ந்து ஓடவே வழியில்லை. கிளம்பும்போது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சத்தைத்தான் அப்படிப் போடுகிறார்கள். "உச்ச" என்ற சொல்லைக் கண்டால் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுங்கள். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட்தான் ஓரளவு நம்பத் தகுந்தது.

அதே தகட்டில் இன்னொரு தகவலும் சில சமயம் இருக்கும்: தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது. ஒரு நிமிடம் என்று போட்டிருந்தால், ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று பொருள். வாட்டைவிட இந்த எண்தான் கருவியின் உண்மையான தெம்பைக் காட்டிக்கொடுக்கும். தகட்டில் இல்லையென்றால் கையேட்டில் தேடுங்கள்.

## சாதாரண ஜாடி பிளெண்டர்

பெரும்பாலான வீடுகளில் மேடைமேல் நிற்பது இதுதான். 400 முதல் 800 வாட் வரை, ஒன்றரை லிட்டர் சொச்சம் பிடிக்கும் ஜாடி, முன்னால் ஒரு திருகு அல்லது வரிசையாகப் பொத்தான்கள்.

எதற்கு நல்லது. பழுத்த பழங்கள், பால், தயிர், வெந்து ஆறிய காய்கறிகள், தண்ணீரோடு சேர்த்துக் கொஞ்சம் ஐஸ். இவ்வளவுதான் உங்கள் பட்டியல் என்றால் இங்கேயே நின்றுவிடலாம்.

எங்கே திணறும். உறைந்த பழத்தைத் திரவமில்லாமல் போட்டால், பச்சைக் கீரையை மொத்தமாகத் திணித்தால், கொட்டைகளை உலர்வாக அரைத்தால். ஆனால் இதில் பாதியைப் பொறுமையால் ஈடுகட்டிவிடலாம். கொட்டைகளைச் சில மணி நேரம் ஊறவையுங்கள். கீரையையும் திரவத்தையும் மட்டும் முதலில் ஓட்டி மசித்துவிட்டு, பிறகு மற்றவற்றைப் போடுங்கள். எப்போதும் திரவம் அடியில், மெத்தென்றவை நடுவில், கடினமானவையும் உறைந்தவையும் மேலே. இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு மோட்டாரைத் திட்டுபவர்கள் ஏராளம். நானும் திட்டியிருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு. ஜாடிக்கும் மோட்டாருக்கும் நடுவே ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு பல்சக்கரம் போன்ற கப்ளர் இருக்கும். பிளேடு சிக்கிக்கொண்டால் மோட்டார் எரியாமலிருக்க, அது தேய்ந்தோ உடைந்தோ தன்னைக் கொடுத்துக்கொள்ளும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், கோளாறு என்று நினைத்து முழுக் கருவியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாஷர், கப்ளர், ஜாடி மூன்றும் தனித்தனியே கிடைக்குமா என்பதை வாங்கும் அன்றே பார்த்துவிட வேண்டும். இந்த வகையில் மாடல்கள் அடிக்கடி மாறும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

பொத்தான்களின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். பன்னிரண்டு பொத்தான் இருந்தாலும் உள்ளே நடப்பது வேக மாற்றம் மட்டும்தான். மெதுவாக, வேகமாக, விட்டு விட்டு ஓட்ட ஒரு விசை. மூன்று போதும். பொத்தான்களின் இடுக்கில் அழுக்கு சேரும் என்பதால், குறைவாக இருப்பதே நல்லது என்பேன்.

எப்போது இதுவே சிறந்தது. வாரத்துக்கு மூன்று நான்கு முறை, இரண்டு மூன்று பேருக்கு, கூடவே நாக்கில் கொஞ்சம் திப்பி தட்டினால் கோபித்துக்கொள்ளாத வீடு.

## உயர்திறன் ஜாடி பிளெண்டர்

1,200 வாட்டுக்கு மேல், கனமான அடி, தடித்த ஜாடி, பெரும்பாலும் உள்ளே இருப்பதைக் குத்தித் தள்ள ஒரு தடி. அந்தத் தடி அலங்காரம் அல்ல. கெட்டியான கலவையில் பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக் குமிழ் உருவாகி, பிளேடு வெறுமனே சுற்றும். சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறும். ஓடும்போதே தடியால் குத்தினால் குமிழ் உடைந்து கலவை மறுபடி கீழே இறங்கும். தடி இல்லாத கருவியில் நிறுத்தி, மூடியைத் திறந்து, கரண்டியால் கிளறி, மறுபடி மூட வேண்டும். அந்த ஜாடிக்கென்று வந்த தடியையே பயன்படுத்துங்கள். அது பிளேடைத் தொடாதபடி நீளத்தை அளந்து செய்தது. கரண்டிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

எதற்கு நல்லது. இதன் பிளேடைத் தொட்டுப் பார்த்தவர்கள் ஏமாந்துபோவார்கள். பல மாடல்களில் மழுங்கலாகத்தான் இருக்கும். வெட்டுவதைவிட வேகத்தால் அடித்து நொறுக்குவதுதான் இதன் வழி. முனைக்கு முனை 7.5 சென்டிமீட்டர் உள்ள பிளேடு நிமிடத்துக்கு 24,000 முறை சுற்றினால், முனையின் வேகம் நொடிக்கு 94 மீட்டர். மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கீரை நரம்பும் பழ விதையும் இருந்த இடம் தெரியாது. உறைந்த பழத்தைக் கிட்டத்தட்டத் திரவமே இல்லாமல் கடையலாம். ஊறவைக்காத கொட்டைகள் எண்ணெய் விட்டு வெண்ணெயாகத் திரளும்.

குளிர்ந்த பொருளைப் போட்டு, அடுப்பே இல்லாமல் சூடான சூப் எடுப்பதும் இதில் நடக்கும். மந்திரம் ஒன்றுமில்லை, உராய்வுதான். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 188 கிலோஜூல் வேண்டும். பிளேடு 600 வாட் அளவுக்குத் திரவத்தில் வேலை செய்தால் ஐந்து நிமிடம் சொச்சத்தில் அது கிடைத்துவிடும். சாதாரண பிளெண்டரில் 200 வாட்தான் திரவத்தில் இறங்குகிறது என்று வைத்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடும், அல்லது நிற்காமல் புகையும். ஆனால் ஒன்று: சூடாவது வேறு, வேகுவது வேறு. பச்சைக் கிழங்கைப் போட்டுவிட்டு வெந்த சூப்பை எதிர்பார்க்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு. முதலில் சத்தம். 90 டெசிபல் அளவைத் தாண்டுவது சகஜம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். நாளைக்கு ஒரு நிமிடம் ஓட்டினால் காது கெட்டுவிடாது. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து கடைபவர் வீட்டில் மற்றவர்களின் கருத்தையும் கேட்டுவிடுவது நல்லது. ஒலித்தடுப்புக் கூண்டோடு வரும் மாடல்கள் உண்டு. அவை இன்னும் பெரியவை, இன்னும் கனமானவை, கழுவ இன்னொரு பொருள்.

இரண்டாவது, சின்ன அளவு. பல உயர்திறன் ஜாடிகள் அடி அகன்ற 2 லிட்டர் ரகம். தனியாள் ஒருவர் வாங்கிவிட்டு, ஒரு தம்ளருக்காகச் சின்ன ஜாடியைத் தனியே வாங்குவார். அந்தச் சின்ன ஜாடியின் விலையில் ஒரு சாதாரண பிளெண்டரே வந்துவிடக்கூடும். முதல் நாளே இதைக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, "காலப்போக்கில் இதுதான் லாபம்" என்ற பேச்சு. விலை ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பிளெண்டர் மூன்றே ஆண்டு உழைக்கட்டும். ஆறு சாதாரண பிளெண்டர்கள் சேர்ந்து 18 ஆண்டு ஓடிவிடும். உயர்திறன் வகைக்கு உத்தரவாதம் வழக்கமாக 5, 7 அல்லது 10 ஆண்டு. ஆக, பணக் கணக்கு மட்டும் பார்த்தால் உயர்திறன் ஜெயிப்பது கடினம். சாதாரணமானது செய்யவே முடியாத வேலையைச் செய்வதால்தான் அது ஜெயிக்கும். அந்த வேலை உங்கள் மூன்று வரிப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் தயங்க வேண்டாம். நீண்ட உத்தரவாதம் என்பதற்கு, அத்தனை ஆண்டும் உதிரி கிடைக்கும் என்ற இன்னொரு பொருளும் உண்டு. பரணில் மோட்டார் வைத்திருக்கும் எனக்கு அதன் அருமை தெரியும்.

எப்போது இதுவே சிறந்தது. தினமும் பச்சைக் கீரையோ உறைந்த பழமோ கடைபவர்கள், பெரிய குடும்பம், மெல்ல முடியாதவர்களுக்குத் திப்பியே இல்லாத உணவு தேவைப்படும் வீடு. இந்தக் கடைசி வகையினருக்கு மையும் தன்மை ருசி சார்ந்த விஷயமே அல்ல, அத்தியாவசியம்.

பெரிய தயாரிப்பாளர்கள் சிலர், திரும்பி வந்த கருவிகளைச் சரிபார்த்துத் தங்கள் உத்தரவாதத்தோடு மறுபடி விற்கிறார்கள். புதிதுக்கும் சாதாரணத்துக்கும் நடுவே தடுமாறுபவர்கள் முதலில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம்.

## கப் பிளெண்டர்

குடிக்கும் கப்பிலேயே பொருளைப் போட்டு, பிளேடு உள்ள மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தினால் வேலை முடிந்தது.

எதற்கு நல்லது. ஒருவருக்கு, ஒரு தம்ளர், அவசரக் காலையில். கழுவ இரண்டே பொருள். மேடையில் ஒரு தம்ளர் அளவு இடம். கப் குறுகல் என்பதால், பெரிய ஜாடி திணறும் சின்ன அளவில் இது பெரிய பிளெண்டரையே தோற்கடிக்கும். இதில் மட்டும் பொருள் போடும் வரிசை தலைகீழ்: கவிழ்க்கும்போது மேலே இருப்பதுதான் பிளேடுக்கு அருகே வரும். ஐஸை முதலில் போடுங்கள், திரவத்தைக் கடைசியில்.

எங்கே திணறும். சூடான எதையும் இதில் போடக் கூடாது. கப் முழுக்க மூடப்பட்டது. ஆவிக்குப் போக்கிடம் இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அந்த அழுத்தத்தில் மூடியைத் திறந்தால் முகத்தில்தான் வரும். வெதுவெதுப்பாக இருப்பதை நீண்ட நேரம் ஓட்டினாலும் உராய்வில் சூடு ஏறி அதே நிலைதான். "கொஞ்சம்தானே சூடு" என்பது இங்கே செல்லாது.

மறைந்திருக்கும் செலவு. பிளேடு மூடிக்குள் உள்ள ரப்பர் வளையம். அதைக் கழற்றிக் கழுவாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். கழற்றினால் மறுபடி மாட்ட மறந்து, மேடை முழுக்க பழச்சாறு ஓடும். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் பூஞ்சையைவிட ஓடுவதே மேல் என்பேன். பேட்டரியில் ஓடும் கையடக்க ரகங்களில் பலம் குறைவு. பேட்டரி சோர்ந்தால் பல மாடல்களில் மாற்ற வழியே இல்லை.

எப்போது இதுவே சிறந்தது. தனியாக வாழ்பவர், வீட்டில் ஒருவர் மட்டுமே குடிப்பவர், மேடையில் இடமே இல்லாத வீடு.

## கை பிளெண்டர்

"மேடைமேல் வைக்கும் பிளெண்டரைக் கேட்டால் இதை ஏன் சொல்கிறீர்கள்?" என்பார்கள். பட்டியலில் முதலிடத்தில் சூப் இருந்தால், மேடைமேல் வைக்கும் எதுவும் தேவைப்படாமல் போகலாம் என்பதால்தான். சுவிட்சர்லாந்தில் 1950இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. ஜாடிக்குள் பொருளைக் கொட்டுவதற்குப் பதில், பிளேடைப் பாத்திரத்துக்குள் கொண்டுபோவது. மத்தின் வேலைதான், மின்சாரத்தில்.

எதற்கு நல்லது. கொதித்த சூப்பை அடுப்பிலிருந்து இறக்கி அதே பாத்திரத்தில் மசிக்கலாம். கொட்டி மாற்றும் வேலை இல்லை, மூடி தெறிக்கும் பயமில்லை. முட்டையும் எண்ணெயும் சேர்த்துக் கெட்டியாகக் கூட்டுவதில் இதை மிஞ்ச ஜாடி பிளெண்டராலும் முடியாது. குறுகலான பாத்திரம் மட்டும் வேண்டும்.

எங்கே திணறும். ஐஸ், உறைந்த பழம், பச்சைக் கீரை. எவ்வளவு நேரம் கடைந்தாலும் அங்கங்கே ஒரு துண்டு தப்பிவிடும்.

மறைந்திருக்கும் செலவு. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தில் உலோகப் பிளேடு உரசினால் பூச்சு போய்விடும். ஒரே சமயத்தில் ஒரு கை முழுக்க இதற்கே போகும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு விசையை அழுத்திப் பிடித்திருப்பது சிரமம். பிளேடில் சிக்கியதை விரலால் எடுக்கும்போதுதான் காயங்கள் நேரும். கைபட்டால் ஓடிவிடும் கருவி இது. பிளக்கைப் பிடுங்காமல் அந்தப் பக்கமே விரல் போகக் கூடாது.

எப்போது இதுவே சிறந்தது. சூடானதை மசிப்பதே முக்கிய வேலை, பானங்கள் எப்போதாவது என்றால். கப் பிளெண்டரும் இதுவும் சேர்ந்தால், பல வீடுகளில் பெரிய ஜாடியே தேவைப்படாது. இரண்டும் சேர்ந்து ஒரு இழுப்பறைக்குள் அடங்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| | சாதாரண ஜாடி | உயர்திறன் ஜாடி | கப் பிளெண்டர் | கை பிளெண்டர் |
|---|---|---|---|---|
| பச்சைக் கீரை | திப்பி தட்டும் | முழுக்க மையும் | ஓரளவு | மையாது |
| உறைந்த பழம், ஐஸ் | திரவத்தோடு மட்டும் | நன்றாக | கொஞ்சமாக | வேண்டாம் |
| சூடான சூப் | ஆறவிட்டு, பாதிக்குக் கீழ் | எச்சரிக்கையோடு | கூடவே கூடாது | மிகச் சிறந்தது |
| ஒரே ஒரு தம்ளர் | ஜாடியைப் பொறுத்து | பெரும்பாலும் திணறும் | மிகச் சிறந்தது | குறுகிய பாத்திரத்தில் |
| ஐந்தாறு பேருக்கு | இரண்டு தடவை | ஒரே தடவை | முடியாது | சூப் என்றால் முடியும் |
| சத்தம் | அதிகம் | மிக அதிகம் | அதிகம், ஆனால் சில நொடிகள் | குறைவு |
| முதலில் தேய்வது | கப்ளர், வாஷர், பேரிங் | ஜாடியின் பேரிங் | ரப்பர் வளையம் | தண்டின் இணைப்பு |

மிக்ஸி இருக்கும்போது பிளெண்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மிக்ஸியின் ஜாடி குட்டையானது, கொஞ்சம் தண்ணீரிலும் உலர்வாகவும் அரைக்கவென்றே செய்தது. பிளெண்டர் ஜாடி உயரமானது, திரவம் சுழலவென்று செய்தது. பானங்கள் எப்போதாவதுதான் என்றால் மிக்ஸியே போதும், இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

## கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எஃகா

கண்ணாடி ஜாடியில் கீறல் விழாது, வாசனை ஒட்டாது. ஆனால் கனம். நிரம்பிய கண்ணாடி ஜாடியை ஈரக் கையால் ஒற்றைக் கையில் தூக்க முடியுமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஜாடியில் சூடானதைக் கொட்டினால் விரிசல் விடலாம். வேகத்தில் பிளேடு ஏதாவதில் மோதினால் கண்ணாடி உடையும் அபாயம் இருப்பதும், உயர்திறன் வகையில் அதிகமாகப் பிளாஸ்டிக் வருவதற்கு ஒரு காரணம்.

அந்தப் பிளாஸ்டிக்கில் இன்று பரவலாக இருப்பது டிரைட்டான் என்ற ரகம். உடலுக்குக் கேடு என்று அஞ்சப்படும் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் இல்லாதது. முன்பு வந்த பாலிகார்பனேட் ஜாடிகளில் அது உண்டு. ஆகவே பழைய ஜாடியை யாராவது இலவசமாகத் தந்தால் அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் நாளடைவில் மங்கும். மங்கலானதும் கீறல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாதிக்குப் பாதி, தண்ணீரின் உப்புப் படிவாகத்தான் இருக்கும். வினிகர் கலந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஊற்றிவைத்துத் தேய்த்தால் போய்விடும். எஃகு ஜாடி உடையாது, மங்காது. உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. குமிழ் விழுந்ததா, மைந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழக வேண்டும்.

## சூடானதை ஜாடியில் போடும்போது

மூடியிட்ட ஜாடிக்குள் சூடான சூப் சுழன்றதும், அதுவரை மேற்பரப்பில் மட்டும் எழுந்த ஆவி ஒரே நொடியில் முழுத் திரவத்திலிருந்தும் வெளியேறும். அதுதான் மூடியைத் தூக்கி எறிகிறது. பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியின் நடுவில் உள்ள சின்ன அடைப்பை எடுத்துவிட்டு, மடித்த துணியை மேலே வைத்துப் பிடியுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். நடுவில் அடைப்பே இல்லாத மூடி என்றால் அந்தக் கருவி சூடானதற்கு ஆகாது.

## பில் போடும் முன்

1922இல் அமெரிக்காவின் ரசீன் நகரத்தில் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் குளிர்பானம் கலக்க ஒரு கருவி செய்தார். பாத்திரத்தின் அடியில் பிளேடு சுற்றும் அமைப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது. நூறு ஆண்டு தாண்டியும் பிளேடின் தண்டு ஜாடியின் அடியைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. அந்தத் துளையில்தான் எல்லா பிளெண்டரும் கசியும். ஜாடியை இரவெல்லாம் தண்ணீரில் மூழ்கவைத்தால் பேரிங் வாழ்நாள் குறையும். குடித்து முடித்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு அரை நிமிடம் ஓட்டிக் கொட்டிவிடுவதே நல்ல கழுவல்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை: இந்த ஜாடி தனியாகக் கிடைக்குமா, பிளேடைக் கழற்ற முடியுமா, உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, ஜாடிக்கும் சேர்த்தா? "10 ஆண்டு உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, மோட்டாருக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போடுவது உண்டு. மோட்டார் கெடுவதற்குள் ஜாடி இரண்டு முறை கெட்டிருக்கும்.

வேறு நாட்டிலிருந்து வாங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 120 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகினால் அன்றே முடிந்தது. பிளக்கின் உருவத்தை மாற்றித் தரும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்றால், 1,500 வாட் கருவிக்கு அதைவிடப் பெரிய மின்மாற்றி வேண்டும்; அது பிளெண்டரைவிடக் கனமாக இருக்கும். உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

வாங்கிவந்த முதல் வாரமே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், அந்த மூன்று வரிப் பட்டியலில் உள்ள மூன்றையும் செய்து பாருங்கள். ஒரே ஒரு தம்ளர் அளவிலும், முழு அளவிலும். ஓட்டி முடித்ததும் ஜாடியைத் தூக்கி, அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கே திருப்பிவிடுங்கள்.